மெட்டுக்கும் குலமா?

பினாங்குத் தீவில், பெருநிலத்திலிருந்து கடல் கடந்து வரும் பாலம் கரையேறும் இடத்திற்கு அருகே கெலுகோர் என்னும் ஊர் இருக்கின்றது. பிரிட்டிஷார் ஒரு காலத்தில் படைமுகாம் வைத்திருந்த மிண்டன் குன்றில் இன்று நிற்பது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அது 1969ஆம் ஆண்டில் தோன்றியது. துப்பாக்கி பழகிய இடத்தில் இப்பொழுது பிள்ளைகள் புத்தகம் பயில்கின்றனர், இசையும் பயில்கின்றனர். இத்தகைய ஊரில் வாழும் நாம், ஒரு பொருள் தன் பழைய உருவை விட்டுப் புதிய உருக் கொள்வதைக் கண்டு அஞ்சுவதில்லை. ஆயினும் அஞ்சுவோர் இருக்கின்றனர் என்பதைச் சென்ற ஆண்டில் எம் வீட்டிலேயே அறிய நேர்ந்தது.

எம் தங்கை மகள் பியானோ பயில்கின்றாள். வயது பதினேழு. ஓர் இசைப் போட்டிக்கென்று அவள் ஓர் உருப்படியைத் தேர்ந்துகொண்டாள். வியன்னா நகரத்து ஆல்பிரட் கிரூன்பெல்ட் என்பார், யொஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் மெட்டுகள் சிலவற்றை எடுத்துப் பியானோவுக்கென்று புதிதாக வார்த்த உருப்படி அது. எட்டு மாதம் உழைத்தாள். இந்தத் தீவின் ஈரக்காற்றில் ஊறிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும் பழைய பியானோ எங்களுடையது. ஈரம் போக்க அதன் வயிற்றுக்குள் ஒரு சிறு விளக்கை எரியவிட்டே வைத்திருக்கின்றோம். அதில்தான் இரவு பகலாகப் பழகினாள். அவள் வாசித்து முடித்ததும் நடுவர் ஒருவர் திருவாய் மலர்ந்தருளினார்: விரல் நன்றாக இருக்கின்றதாம், பொருள்தான் மட்டமாம். கூத்துக் கூடத்து மெட்டாம்; அதுவும் அசல் இல்லையாம், இன்னொருவன் கைபட்டதாம்; வெறும் விரல் வித்தையாம். அடுத்த முறை "உயர்ந்த" உருப்படி ஒன்றைக் கொண்டுவர வேண்டுமாம். அன்று வீட்டுக்கு வந்து மூடிவைத்த நூலை அவள் பல மாதங்கள் திறக்கவில்லை.

ஒரு பெண்ணுக்குப் பரிசு கிடைக்காமற் போனதற்காக நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. பரிசு இன்று போனால் நாளை வரும். ஆனால் அந்த நடுவர் கூறிய மூன்று வாக்கியங்களும் நமக்குப் புதியவை அல்ல. பிறப்பு மட்டம், கலப்பு மட்டம், உழைப்பு மட்டம் என்னும் இம்மூன்றையும் வேறு இடங்களில், வேறு மனிதரைப் பற்றி, வேறு வாய்களிலிருந்து நாம் கேட்டிருக்கின்றோம். மனிதரிடம் செல்லாத இந்த நியாயம் மெட்டினிடம் மட்டும் எப்படிச் செல்லும் என்று கேட்பதற்கே எழுதுகின்றோம். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது குற்றச்சாட்டு, பிறப்பு. வால்ட்ஸ் கூத்துக் கூடத்து மெட்டு என்பது முற்றிலும் உண்மை, மறுக்கவில்லை. ஆஸ்திரியாவிலும் தென் ஜெர்மனியிலும் குடியானவர்கள் மூன்று தட்டுக் கணக்கில் ஆடிய கிராமிய ஆட்டங்களே அதன் தாய். ஆணும் பெண்ணும் நெருங்கி நின்று கைபிடித்துச் சுழலும் ஆட்டம் ஆதலின், பெரிய மனிதர்கள் முகத்தைச் சுளித்தனர். ஒழுக்கம் கெட்டுவிடும் என்று போதகர்கள் பயமுறுத்தினர். 1816ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரசப் பிரதிநிதி அளித்த நடன விருந்தில் அது ஆடப்பட்டதற்காக இலண்டன் டைம்ஸ் பத்திரிகை கொதித்தெழுந்து எழுதியது. பிறகு நடந்தது என்ன? பத்திரிகையின் கோபம் தணிந்தது, ஆட்டம் நின்றது. ஐரோப்பாவின் அரண்மனைகள் எல்லாம் அக்குடியானவனின் மூன்று தட்டுக்கே சுழன்றன. உழவன் ஆடினால் ஒழுக்கக்கேடு, உப்பரிகையில் ஆடினால் நாகரிகம் என்பது உலகமெங்கும் வழங்கும் நீதிதான் போலும்!

அந்த மெட்டுகளுக்கு முடிசூட்டியவர் யொஹான் ஸ்ட்ராஸ். 1825இல் பிறந்து 1899இல் மறைந்த இவரே "நீல டான்யூப்" என்னும் வால்ட்ஸை 1867இல் வியன்னா மக்களுக்கு அளித்தவர். இவருடைய பிறப்பைப் பற்றிய கதை ஒன்று உண்டு. மெட்டின் குலம் ஆராய்வோர் அனைவரும் அதைச் செவிமடுக்க வேண்டும். ஸ்ட்ராஸின் பாட்டனுக்குத் தகப்பனார் ஞானஸ்நானம் பெற்ற யூதர் என்று வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்துத் திருமணப் பதிவேட்டில், 1762ஆம் ஆண்டின் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. 1938இல் ஆஸ்திரியாவை விழுங்கிய இட்லரின் ஆட்சிக்கு இது பெருஞ் சங்கடமாகப் போயிற்று. யூதன் என்றால் வெறுக்க வேண்டும். ஸ்ட்ராஸின் வால்ட்ஸோ தமக்கும் வேண்டும். என்ன செய்தார்கள்? 1941இல் அப்பதிவேட்டைப் பெர்லினுக்குக் கொண்டுபோய், அந்தக் குறிப்பை மட்டும் விட்டுவிட்டு ஒரு நகல் எடுத்து, மெய்ந்நகல் என்று முத்திரையும் குத்தி வியன்னாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். குலத்தூய்மை பேசியவர்கள் தங்கள் செவியின் இன்பத்துக்காகக் குலப் பதிவேட்டையே பொய்யாக்கினர். இதைவிட அக்கொள்கையின் யோக்கியதையை வெளிப்படுத்தும் சான்று வேறு என்ன வேண்டும்?

இனி, அம்மெட்டுகளைப் பியானோவில் மறுவார்ப்புச் செய்த மேதைகளைப் பாருங்கள். லிஸ்டின் மாணாக்கரும் 1871இல் முப்பது வயது நிறையும் முன்னரே மாண்டவருமான கார்ல் டௌசிக். எம் வீட்டுப் பெண் வாசித்த உருப்படியை அமைத்த கிரூன்பெல்ட். "வியன்னாத் திருவிழா"வை அமைத்த மோரிஸ் ரோசென்தால். ஸ்ட்ராஸின் வால்ட்ஸ்களைப் பேருருவாக வளர்த்த லியோபோல்ட் கொடோவ்ஸ்கி. இந்நால்வரும் யூதக் குடியிற் பிறந்தவர்கள். ஆக, ஒளித்து வைக்கப்பட்ட குலத்தான் ஒருவன் படைத்த மெட்டை, ஒதுக்கி வைக்கப்பட்ட குலத்தார் நால்வர் விரித்தெடுத்தார்கள். அதைக் கேட்டு மகிழ்ந்தது உலகம். மெட்டுக்குக் குலம் பார்த்திருந்தால் உலகத்துக்கு அதில் ஓர் ஒலிகூட மிஞ்சியிராது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டு வாசலிலேயே சான்று இருக்கின்றது. இன்று மலேசியாவில் நாம் எழுந்து நின்று மரியாதை செய்யும் தேசிய கீதத்தின் மெட்டு எங்கிருந்து வந்தது? 1957இல் நாடு விடுதலை பெற்றபொழுது, பேராக் மாநிலப் பண்ணின் மெட்டையே தேர்ந்து புதிய சொற்களை இட்டார்கள். அதே மெட்டு அதற்கு முன்னரே "தெராங் புலான்" என்னும் நிலவுப் பாட்டாக இத்தீபகற்பத்திலும் அக்கரைத் தீவுகளிலும் மக்கள் வாயில் புழங்கி, ஆட்டபாட்ட மேடைகளிலெல்லாம் ஒலித்தது. காதலர் பாடிய மெட்டு நாட்டின் பண்ணாயிற்று. இதனால் நாட்டுக்கு இழுக்கு வந்ததா? இல்லை, மெட்டுக்கு ஏற்றம் வந்தது. நடை மாறியது, வாத்தியம் மாறியது, கேட்போர் நிற்கும் நிலையும் மாறியது. இதுவே மறுவார்ப்பு. நாள்தோறும் ஒரு மறுவார்ப்பை எழுந்து நின்று வணங்கிக்கொண்டே, மறுவார்ப்பு மட்டம் என்பவரை என்னென்பது!

இரண்டாவது குற்றச்சாட்டு, கலப்பு. மூலத்தின்மேல் இன்னொருவன் கை பட்டால் மூலம் கெட்டுவிடும் என்கின்றார்கள். மூலம் எங்கே கெட்டது? ஸ்ட்ராஸ் எழுதிய ஏடு அப்படியே இருக்கின்றது. வாத்தியக் குழுவினர் அதை இன்றும் வாசிக்கின்றனர். கிரூன்பெல்ட் அதிலிருந்து ஒரு சுரத்தையேனும் திருடிக்கொண்டு ஓடிவிடவில்லை. விளக்கிலிருந்து விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு அணைந்துபோவதுண்டா?

உண்மையில், மறுவார்ப்பே பல மெட்டுகளுக்கு ஆயுள் கொடுத்தது. 1828இல் வறுமையில் மறைந்த ஷூபர்ட் என்னும் மேதை, நண்பர் வீடுகளில் ஆடுவோருக்காகப் பியானோவின் முன் அமர்ந்து சின்னஞ்சிறு வால்ட்ஸ்களை வாசிப்பார். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவற்றைப் பெரிய கச்சேரி மேடையில் எவரும் வைக்கத் துணியவில்லை. லிஸ்ட் அவற்றுட் பலவற்றை எடுத்து, ஒன்றோடு ஒன்று தொடுத்து, ஒன்பது உருப்படிகளாக்கி 1852இல் "வியன்னா மாலைகள்" என்று வெளியிட்டார். உதிரிப்பூ மாலையாயிற்று. பூவுக்கு நார் குற்றம் செய்துவிட்டதென்று எவரேனும் சொல்வாரா?

அன்றியும் அக்காலத்தின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். இசைத்தட்டு இல்லை, வானொலி இல்லை. ஐம்பது அறுபது வாத்தியக்காரர் கொண்ட குழுவைக் கேட்கப் பெருநகரத்துக்குப் போகவேண்டும். கையிற் பணமும் வேண்டும். சிற்றூரில் இருப்பவனுக்கு அந்த இசையைக் கொண்டுவந்து சேர்த்தது பியானோப் பதிப்புதான். எளியவர்க்கு எளிய பதிப்பு, வல்லவர்க்கு வல்ல பதிப்பு என்று இரண்டும் அச்சாயின. அசலையன்றி வேறெதையும் தொடேன் என்று அன்றையோர் விரதம் பூண்டிருந்தால், அந்த இசை சீமான்களின் மாளிகைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்திருக்கும். சிலர் மட்டும் மூலத்தைத் தொடலாம், மற்றவர் எட்ட நின்று வணங்க வேண்டும் என்னும் ஏற்பாடு யாருக்கு இலாபம் என்பதை வாசகரே உய்த்துணர்க.

நம் இசையில் "சங்கதி" என்று ஒன்றிருக்கின்றதே, அது என்ன? பல்லவியின் ஓர் அடியை முதலில் நேராகப் பாடி, பிறகு சற்று வளைத்து, பிறகு இன்னும் விரித்து, ஐந்து முறை ஆறு முறை வெவ்வேறு கோலத்தில் பாடுகின்றோம். இயற்றியவர் இட்ட சங்கதிகளோடு, பின்வந்த வித்துவான்கள் சேர்த்த சங்கதிகளும் ஏராளம். நிரவல் என்றும் கற்பனைச் சுரம் என்றும் வளர்ப்பதெல்லாம் என்ன? மூலத்தைக் கெடுப்பதா? கெடுப்பதென்றால் நம் கச்சேரி மேடைகளை இன்றே இழுத்துப் பூட்டவேண்டும். இல்லையென்றால், நமக்குச் சங்கதி வித்துவத்தன்மை, கிரூன்பெல்டுக்குச் சங்கதி அபசாரம் என்னும் இரட்டை நாக்கை அறுக்கவேண்டும்.

மேலும் ஒன்று. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர் என்று போற்றப்படும் முத்துசாமி தீட்சிதர் என்ன செய்தார்? ஆங்கிலேயரின் வாத்தியக் கோஷ்டிகள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றில் நாற்பதளவுக்கு எடுத்து, வடமொழிச் சொற்களை இட்டு உருப்படிகளாக்கினார். நோட்டுச்சுர சாகித்தியங்கள் என்று அவற்றைப் பெரியோர் போற்றுகின்றனர், குழந்தைகளுக்குக் கற்பிக்கின்றனர். ஆங்கில மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று! நாம் இதைக் குறையாகக் கூறவில்லை. நல்ல காரியம் என்றே கூறுகின்றோம். காது திறந்திருந்த மனிதர் அவர். ஆனால் ஒருவர் செய்தால் அருள், மற்றொருவர் செய்தால் அசுத்தம் என்றால், அங்கே அளக்கப்படுவது இசையன்று, செய்தவரின் பீடமே.

மூன்றாவது குற்றச்சாட்டு, வெறும் விரல் வித்தை என்பது. இதிலே ஓரளவு உண்மை இருக்கின்றது. ஆகையால் இதை நிதானமாக ஆராய வேண்டும்.

பியானோ ஓர் இயந்திரம். 88 கட்டைகள், இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள், அவற்றின் இழுவிசையைத் தாங்க இரும்புச் சட்டம். ஒரே கட்டையை விரைந்து மீண்டும் மீண்டும் தட்டினாலும் உடனே பதில் சொல்லும் பொறியைப் பாரிஸ் நகரத்து எரார் 1821இல் அமைத்தார். இயந்திரம் வளர்ந்தது; கூடவே கைத்திறனும் வளர்ந்தது. வால்ட்ஸின் உடல் மிக எளிது: இடக்கை கீழே ஓர் அடிநாதத்தைத் தட்டிவிட்டு மேலே தாவி இருமுறை தட்டும், வலக்கை மெட்டைப் பாடும். வியன்னாக்காரர் அந்த இரண்டாந் தட்டை இம்மியளவு முந்தி விழச்செய்வர். அந்த இம்மியில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கின்றது. இந்த எளிய உடலுக்கு மறுவார்ப்பாளர் என்ன செய்கின்றனர்? ஷூல்ஸ்-எவ்லர் என்பார் "நீல டான்யூப்" மெட்டைத் தொடங்குமுன், நீரலை மேல் ஒளி சிதறுவது போன்ற மெல்லிய சுரச் சிதறல்களைப் பரப்பி, அவற்றின் நடுவே மெட்டை மெதுவாக எழச் செய்கின்றார். கொடோவ்ஸ்கியோ இன்னும் துணிந்தவர். ஸ்ட்ராஸ் ஒன்றன்பின் ஒன்றாக வைத்த இரண்டு மெட்டுகளை ஒரே சமயத்தில் ஒலிக்க வைப்பார். ஒன்று மேற்குரலாகவும் மற்றொன்று கட்டைவிரல்களின் இடையே நடுக்குரலாகவும் செல்ல, அடியிலே வால்ட்ஸின் தட்டு தளராமல் நடக்கும். இரண்டு மெட்டும் இப்படிப் பொருந்தும் என்பது அதுவரை எவருக்கும் தெரியாது. போதாதென்று, இடக்கை ஒன்றினாலேயே வாசிக்கும்படியும் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் ஒன்றை அமைத்திருக்கின்றார்.

இதை வெறும் வித்தை என்பவர், நெய்தவனின் நூலிழையை எண்ணிவிட்டுச் சேலையைக் காணாதவர். ரக்மானினோவ் போன்ற பெரும் இசையாசிரியர் 1927இல் டௌசிக்கின் வால்ட்ஸ் மறுவார்ப்பையும், லெவீன் 1928இல் ஷூல்ஸ்-எவ்லரின் மறுவார்ப்பையும் இசைத்தட்டில் பதித்தார்கள். அவர்கள் நேரம் போகாமல் அதைச் செய்யவில்லை. பெருமிதமும் கடுமையும் மிக்க பிராம்ஸ், ஸ்ட்ராஸ் வீட்டுப் பெண்ணொருத்தியின் விசிறியில் "நீல டான்யூப்" மெட்டை எழுதி, ஐயோ இது என்னுடையதாக இல்லையே என்னும் கருத்தில் கையெழுத்திட்டார் என்பார்கள். மேதைகளுக்கு வராத கூச்சம் நம் நடுவர்களுக்கு வந்துவிடுகின்றது!

வித்தைக்காரன் என்று ஏசப்பட்டவர்களுள் ஒருவரது வரலாற்றை இங்கே கூறாமல் இருக்க முடியவில்லை. ஜியார்ஜ் ஸிஃப்ரா 1921இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். ஐரோப்பா முழுவதும் இழிவாக நடத்திய ரோமா என்னும் நாடோடிக் குடியினர். ஐந்து வயதில் சர்க்கஸ் கூடாரத்தில் பியானோ வாசித்தார். பின்னர்க் குடி விடுதிகளில் வாசித்து வயிறு வளர்த்தார். நாட்டை விட்டுத் தப்ப முயன்றதற்காக 1950 முதல் 1953 வரை சிறையிலிட்டு, அந்தக் கைகளைக்கொண்டே கல் சுமக்க வைத்தார்கள். வெளியே வந்தபின், புண்பட்ட மணிக்கட்டில் தோல் வார் கட்டிக்கொண்டு மீண்டும் வாசித்தார். 1956இல் எல்லை கடந்தார். அவர் தாமே வார்த்த "நீல டான்யூப்" மறுவார்ப்பைக் கேட்பவன், கல் சுமந்த கை சுதந்திரமாகப் பறப்பதைக் கேட்கின்றான். அவரைச் சர்க்கஸ்காரர் என்று ஏசிய விமரிசகர் உண்டு. ஆம், சர்க்கஸிலிருந்துதான் வந்தார். அவரைச் சங்கீத மண்டபத்தில் பிறக்கவிடாதவர்கள் யார் என்பதையும் அந்த விமரிசகர் எழுதியிருக்க வேண்டாமா?

இனி, உண்மை இருக்கின்றது என்று கூறிய பகுதிக்கு வருவோம். வேகத்தை மட்டும் கண்டு கைதட்டும் கூட்டமும் இருக்கின்றது. 2019இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றான். வண்டின் ரீங்காரத்தைப் பற்றிய புகழ்பெற்ற உருப்படியை நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்திலும், பிறகு 325 தட்டு வேகத்திலும் வாசித்துக் காட்டினான். தமிழ்ச் சிறுவன் உலக மேடையில் வென்றது நமக்குப் பெருமை. அச்சிறுவன் வேகம் மட்டும் அறிந்தவனும் அல்லன். ஆனால் நம்மவர் வாயில் நிலைத்தது எது? அந்த 325 என்னும் எண் ஒன்றே! அவன் எதை வாசித்தான், எப்படி இசைத்தான் என்று கேட்டவர் எத்தனை பேர்? குதிரைப் பந்தயத்துக்குப் போவது போல் இசைக்குப் போகும் புத்தி இது. இதை நாம் ஆதரிக்கவில்லை. திறமை மெட்டின் உள்ளே இருப்பதை வெளிக்கொணர்ந்தால் அது கலை. மெட்டைத் தன் கீழ்ப் புதைத்தால் அது செப்படி வித்தை. அந்த நடுவர் இந்த அளவுகோலைக் கொண்டு எம் வீட்டுப் பெண்ணை அளந்து, இந்த இடத்தில் மெட்டு புதைந்தது என்று கூறியிருந்தால் தலைவணங்கி ஏற்றிருப்போம். வாசித்ததை அளக்காமல், வாசித்த பொருளின் குலத்தை அளந்தார்; அதைத்தான் மறுக்கின்றோம்.

பிறரை இவ்வளவு கண்டித்த பின் நம்மையும் நோக்க வேண்டும். பினாங்கில் பியானோ வைத்திருக்கும் நம்மவர் வீடுகளில் அது எதற்காக இருக்கின்றது? பல வீடுகளில் அது ஒரு மரச்சாமான். மேலே சரிகை விரிப்பு, அதன்மேல் குடும்பப் படம். பிள்ளை ஆண்டுக்கு மூன்று உருப்படி மனப்பாடம் செய்து, தேர்வெழுதி, சான்றிதழ் வாங்கினால் போதும். எட்டாம் படி முடிந்ததும் மூடிவிடலாம். தைப்பூசத்தில் தண்ணீர்மலைச் சாலையில் உறுமி மேளம் முழங்கும்போது சன்னலைச் சாத்தும் கையும் அதே கைதான். பியானோ உயர்வு, உறுமி தாழ்வு என்று எண்ணும் வீட்டில், வால்ட்ஸ் தாழ்வு, அசல் உயர்வு என்று சொல்லும் நடுவர் பிறப்பதில் வியப்பென்ன? இரண்டும் ஒரே கொடியில் காய்த்த காய்கள்.

நாகசுரக்காரரை நாம் எப்படி நடத்தினோம் என்பதையும் மறக்கலாகாது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் விரித்தபோது, அது சிறிய விதையிலிருந்து பேருருவை எழுப்பும் திறமையில் கொடோவ்ஸ்கிக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆனால் அக்கலையை வளர்த்த சமூகத்தாரை மேடைக்குக் கீழே நிறுத்தி வைத்திருந்த காலம் நெடியது. கலையை நுகர்ந்து கலைஞனை ஒதுக்கும் பழக்கத்தில், வியன்னாவின் பதிவேட்டைத் திருத்தியவர்களுக்கு நாம் அண்ணன் தம்பிகளாகவே இருந்தோம் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமிருக்கலாம். ஒப்புக்கொள்ளாமல் இருப்பதில் அதிக வெட்கம் இருக்கின்றது.

கொடோவ்ஸ்கி ஆசிய நாடுகளிற் பயணம் செய்தபோது ஜாவாவுக்கும் வந்தார். அங்கே காமெலான் என்னும் வெண்கல வாத்தியங்களின் ஒலியைக் கேட்டு மயங்கினார். ஊர் திரும்பி, பியானோவுக்கென்று "ஜாவாத் தொகுதி" என்னும் பன்னிரண்டு உருப்படிகளை அமைத்து 1925இல் வெளியிட்டார். காமெலான், நிழற்கூத்து, நிலவொளியில் போரோபுதூர், பழைய பத்தாவியா வீதிகள் என்று அவற்றுக்குத் தலைப்பும் இட்டார். சில நாள் தங்கிய விருந்தாளி அவர். தலைமுறை தலைமுறையாக இங்கே குடியிருக்கும் நாம் பியானோவில் எதை வாசித்தோம்? தேர்வுக்குக் குறித்த மூன்று உருப்படிகளை!

நம்மிடம் மெட்டு இல்லையா? கும்மி இருக்கின்றதே! பெண்கள் வட்டமாக நின்று, கைகொட்டி, சுழன்று ஆடும் கும்மியும் மூன்றன் நடையிலேதான் செல்கின்றது; வால்ட்ஸும் மூன்றன் நடைதான். ஒன்று ஆஸ்திரியக் குடியானவனின் சுழற்சி; மற்றொன்று தமிழ்க் குடியானவளின் சுழற்சி. பால்மரத் தோட்டங்களில் நம் பாட்டிமார் பாடிய தாலாட்டும் தெம்மாங்கும் இன்னும் முழுவதும் மறையவில்லை. வால்ட்ஸுக்கு ஒரு ஸ்ட்ராஸ் வந்தார். அவருக்கு ஒரு டௌசிக், ஒரு கிரூன்பெல்ட், ஒரு கொடோவ்ஸ்கி வந்தனர். கும்மிக்கு யார் வந்தார்? கும்மி மட்டமான மெட்டு என்பதனாலா எவரும் வரவில்லை? அன்று. மட்டம் என்று நாமே முத்திரை குத்தி மூலையில் வைத்ததனால்தான் வரவில்லை.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நாம் கூறுவது இதுவே. பிள்ளை மறுவார்ப்பு வாசிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். பாக் வாசிக்கட்டும், பீத்தோவன் வாசிக்கட்டும், கிரூன்பெல்டும் வாசிக்கட்டும். ஓர் எளிய மெட்டைத் திறமையுள்ள ஒருவன் எப்படிப் படிப்படியாக வளர்த்தான் என்பதை அவள் தன் விரலாலேயே கற்றுக்கொள்ளும் பாடசாலை அது. அப்படிக் கற்றவளுக்குத்தான் நாளைக்குத் தன் பாட்டியின் மெட்டையும் வளர்க்கத் தெரியும். மூலத்தைத் தொடாதே என்று கற்பிக்கப்பட்டவள், தன் மெட்டையும் தொடமாட்டாள். பிறர் எழுதியதை ஒப்பிக்கும் கிளியாகவே முடிவாள். நடுவர்களாக அமர்வோருக்கும் ஒரு விண்ணப்பம்: காதைக் கொண்டு அளவிடுங்கள், பதிவேட்டைக் கொண்டு அளவிடாதீர்கள். பதிவேடு பொய்யும் சொல்லும் என்பதை 1941இல் உலகம் கண்டுவிட்டது.

எம் தங்கை மகள் சென்ற மாதம் அந்நூலை மீண்டும் திறந்துவிட்டாள். கிரூன்பெல்டின் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் வெறும் ஐந்து கோடிட்ட தாள் ஒன்றை வைத்து, பென்சிலால் எதையோ எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கின்றாள். என்னவென்று கேட்டோம். பாட்டி பாடும் கும்மி என்றாள். இடக்கைக்கு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லையாம். தெரியாதது தவறன்று, டௌசிக்குக்கும் ஒரு நாள் தெரியாமல்தான் இருந்திருக்கும். எழுதட்டும். அதை மட்டம் என்று சொல்ல வருபவர் எவரோ, அவர் முதலில் தம் குலப் பதிவேட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, உள்ளே வந்து, அமர்ந்து கேட்கட்டும்.